எட்டாம் கொடி நின்ற இடம்

உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகும் சாலையில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, பெங்களூர்க்காரர் ஒருவர் முகாம் நடத்திக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்தவர். பெங்களூர் கம்பெனிகள் தங்கள் ஆட்களைச் சனி, ஞாயிறுகளில் அங்கே அனுப்பிவைக்கும். அவர்கள் கயிற்றில் தொங்குவார்கள், டயருக்குள் நுழைந்து வெளியே வருவார்கள், சாயங்காலம் கோழி சுட்டுத் தின்றுவிட்டு பஸ் ஏறுவார்கள். கூடாரம் அடிப்பது, கயிறு கட்டுவது, அவர்கள் போன பிறகு தோப்பில் கிடக்கும் பிளாஸ்டிக் தம்ளர்களைப் பொறுக்குவது என் வேலை.

அதற்கு முன்னால் ஓசூரில் வார்ப்படப் பட்டறையில் ஒப்பந்த ஆள். பிறகு கிரானைட் பாலிஷ். பிறகு பேரிகைப் பக்கம் ரோஜாக் கொட்டகையில் மருந்தடிப்பு. எதிலும் நிலைத்ததில்லை. சில இடங்களில் அவர்கள் போகச் சொன்னார்கள், சில இடங்களில் எனக்கே கால் நிற்கவில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு இந்தப் பக்கத்தில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை கிடைக்கும். நீடிக்காது. ஆனால் முப்பதை நெருங்கியபோது ஓரிடத்தில் இருந்துவிடலாம் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. தோப்பில் கிணற்றை ஒட்டிப் பழைய மோட்டார் அறை ஒன்று காலியாக இருந்தது. கதவு ஒழுங்காகப் பூட்டும். ஒரு மத்தியானம் அதில் பாயை விரித்து, நீளம் போதும் என்று பார்த்துக்கொண்டேன்.

அந்த வருஷம் கூட்டம் குறைந்துபோயிற்று. கம்பெனிகள் செலவைக் குறைக்கின்றன என்றார் முதலாளி. ஆட்களை இழுக்க ஒரு புது விளையாட்டைக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் ஆடுவதாம். கரட்டிலும் காட்டிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொடிகளை வைத்துவிட வேண்டும். ஆடுபவர் கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் இருக்கும். படத்தில் வட்டம் போட்ட இடங்களை வரிசையாகத் தேடிப் போக வேண்டும். கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுவாரே, அதுபோல ஒரு கருவி ஒவ்வொரு கொடியிலும் தொங்கும். அதால் தன் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். முதலில் திரும்பி வருபவர் ஜெயித்தவர்.

படம் தயாரித்துக் கொடிகளை நடும் வேலை எனக்கு வந்தது. அந்தப் பக்கத்துக் கரடுகளில் நான் சும்மா திரிவதை அவர் பார்த்திருந்தார். பெரிய கம்பெனி ஒன்று ஒரு முறை ஆடிப் பார்க்கச் சம்மதித்திருந்தது. பிடித்துவிட்டால் மாதா மாதம் ஆட்களை அனுப்புவார்கள்.

“இது செட் ஆச்சுன்னா நீ பர்மனென்ட்டு. அந்த மோட்டார் ரூம் உனக்குத்தான்” என்றார். நான் பாய் விரித்ததை அவரும் பார்த்திருக்கிறார்.

தோப்பில் இணையம் வராது. ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த படத்தைத் துண்டு துண்டாக இறக்கி, அச்செடுத்து, ஒட்டி, மேலே டிரேசிங் தாள் வைத்து வரைந்தேன். பாறைகள் வெள்ளைத் திட்டாகத் தெரியும். தைலமரத் தோப்பு கறுப்பாக இருக்கும். மாந்தோப்பில் மரங்களை எண்ணிவிடலாம். பேரிகைப் பக்கம் நகர்த்திப் பார்த்தபோது ரோஜாக் கொட்டகைகளின் கூரைகள் பளபளத்தன. எந்தக் கூரைக்கடியில் நான் படுத்திருந்தேன் என்று தேடினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

ஆனால் படம் பழையது. எந்த வருஷத்துப் படம் என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. படத்தில் ஏரி இருந்த இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தைலமரத் தோப்பை வெட்டி, மனை பிரித்து, கல் நட்டிருந்தார்கள். ஒரு குன்று பாதியைக் காணோம்; குவாரிக்கு லாரி போகும் பாதைதான் இருந்தது. நடந்து நடந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. திரிவதற்குச் சம்பளம் கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

சாலையோர டீக்கடைக்காரர் விளையாட்டைப் பற்றி விலாவாரியாகக் கேட்டுக்கொண்டார். “காசு குடுத்து வழி தெரியாம சுத்துவாங்களா? எங்க ஊருல அது சும்மாவே நடக்குதுப்பா” என்றார்.

உத்தனப்பள்ளித் தையற்காரரிடம் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடிகள் தைத்து வாங்கி, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, கம்பில் கட்டி நட்டேன். முதலாளி ஒரு தரம் நடந்து பார்க்க வேண்டும் என்பதால் விளையாட்டுக்கு ஒரு வாரம் முன்னாலேயே நட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரோடு போனபோது, மூன்றாம் கொடியைச் சுற்றிப் புதிதாக ஒட்டு மாங்கன்றுகள் நட்டிருந்தார்கள். ஐந்தாம் கொடி பக்கத்தில் நாலு கம்பும் தென்னங்கீற்றுமாக ஒரு குடிசை முளைத்திருந்தது. எட்டாம் கொடியைக் காணோம்.

டீக்கடைக்காரர்தான் விளக்கினார். சாலைக்கு அந்தப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது, முதலில் வந்தது கொடிதான். கம்பில் துணி கட்டி, எண் போட்டு, அளந்துகொண்டு போனார்கள். வெறும் காட்டுக்கு ஒரு விலை, மரம் நின்ற காட்டுக்கு ஒரு விலை, வீடு இருந்தால் வேறு விலை. அதிலிருந்து எங்கே கொடி தெரிந்தாலும் ஜனங்கள் சந்தூர் நர்சரிக்குப் போய்க் கன்று வாங்கிவந்துவிடுவார்கள். இது விளையாட்டு என்று தான் சொல்லிப் பார்த்ததாகவும், தன்னை புரோக்கர் என்று சந்தேகப்படுவதாகவும் சொன்னார். முதலாளிக்கு இதைக் கன்னடத்தில் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு எட்டாம் கொடியைச் சீக்கிரம் கண்டுபிடி என்றார்.

ஒரு யானைப் பாறைக்கு அடியில் நான் வைத்திருந்தது, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கொள்ளுக் காட்டின் நடுவில் நின்றது. சுற்றிலும் கன்றுகள். அவற்றுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். புருஷன் ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி, வாரம் ஒரு தரம் வருவான் என்று பிறகு சொன்னாள். கொடியை ஏன் பிடுங்கினீர்கள் என்று கேட்டேன். மறைக்கவில்லை.

“அங்க பாறைல நட்டு என்னா பிரயோசனம்? பாறைய எடுத்து என்னா பண்ணுவாங்க? அதான் நம்ம காட்டுல வெச்சேன்.”

நிலம் எடுக்க யாரும் வரவில்லை, இது ஆட்டம், கொடியைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

“நீ சின்ன ஆளு தம்பி. உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவாங்களா?”

நிலத்தை எடுக்க வேண்டாம் என்று கொடியைப் பிடுங்கி எறிபவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் எடுக்கச் சொல்லி நட்டிருக்கிறாள். அதைச் சொன்னேன்.

“ரோட்டுக்கு அந்தாண்ட எடுத்துக்கினாங்க. வூட்டுக்கு ஒரு ஆளு வேலைக்குப் போவுது. எங்கள உட்டுட்டாங்க. இந்தக் கல்லுக் காட்ட வேற யாருப்பா வாங்குவா?”

அந்தக் காட்டில் நானும் நடந்திருக்கிறேன். காலில் பட்டதெல்லாம் கல். இருந்தாலும் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பாறைக்கடியிலேயே நட்டேன். எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது. அவள் தடுக்கவில்லை. மேட்டின் மேல் நின்று, எங்கே நடுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் போய்ப் பார்த்தேன், அதற்கடுத்த நாளும். கொடி அங்கேயே இருந்தது. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் அவள் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எல்லாக் கொடிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். எட்டாவதும் பாறைக்கடியிலேயே இருந்தது. பஸ் வந்தது. முப்பது பேருக்கு மேல், எல்லோரும் ஒரே நிற பனியன். முதலாளி விசில் ஊதினார். நான் முடிவுக் கோட்டில் நின்றேன். நெடுநேரம் யாரும் வரவில்லை. பிறகு வந்தவர்கள் அட்டையில் ஏழாம் கட்டம் வரை ஓட்டை இருந்தது, எட்டு காலி. அடுத்தடுத்து வந்தவர்களும், ஒரு நாலு பேரைத் தவிர, அப்படியே. படம் தப்பு என்றார்கள். ஒருவர் பாறையைச் சுற்றித் தேடி வழுக்கி, முட்டியில் ரத்தத்தோடு வந்தார். இரண்டு பெண்கள் குவாரிப் பாதையில் இறங்கிப் போய்விட, லாரி டிரைவர் ஒருவர் அவர்களைக் கொண்டுவந்து விட்டார். கூட்டத்தை அழைத்துவந்த அம்மாள் முதலாளியிடம் இங்கிலீஷில் பேசினார். எனக்கு அதில் ‘சேஃப்டி’ என்ற வார்த்தைதான் புரிந்தது. அது போதுமாக இருந்தது. கோழி சுட்டது அப்படியே இருந்தது, பஸ் முன்னதாகவே கிளம்பிவிட்டது.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் மரத்தடியில் உட்கார்ந்து திசைகாட்டிகளைத் துடைத்து டப்பாவில் அடுக்கினார். அடுத்த மாதம் தோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். நான் செய்த வேலையில் குறை இல்லை என்றும் சொன்னார். அது எந்தக் கணக்கிலும் வராது என்று இருவருக்கும் தெரியும். கொடிகளைச் சேகரித்துக் கொடுத்துவிட்டு நான் கிளம்பலாம்.

மறுநாள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போனேன். எட்டாவது அவள் காட்டில்தான் நின்றது. நான் பார்த்துவிட்டுத் திரும்பியதும் மாற்றியிருக்கிறாள். காட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். கோபப்படலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கோபம் வரவில்லை.

“நாலு பேரு வந்தாங்க” என்றாள். “வாங்க சார்னு கூப்டேன். கன்னுங்களக் காட்டுனேன். ஒருத்தரும் நின்னு பாக்கல. அட்டைல ஓட்ட போட்டுக்கினு ஓடிட்டாங்க.”

அவர்கள் இனி வர மாட்டார்கள், எனக்கும் வேலை போய்விட்டது என்றேன். எதற்காக வேலை போனது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இனி எங்கே போவாய் என்று கேட்டாள். அஞ்செட்டிப் பக்கம் ஒருத்தர் மாடு மேய்க்க ஆள் தேடுவதாகக் கேள்வி என்றேன். அங்கே பஸ்ஸே கிடையாதே என்றாள். கொடியைப் பிடுங்கி மற்ற கொடிகளின் கட்டோடு சேர்த்தேன்.

“எடுத்துக்கினு போ. நம்பர மட்டும் கல்லுல எழுதிட்டுப் போ.”

யாரும் வர மாட்டார்கள் அக்கா என்று இன்னொரு முறை சொன்னேன்.

“வராட்டிப் போவுது. எழுது.”

அடுப்புக்கரித் துண்டொன்றை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். வாங்கி, அவள் உட்கார்ந்திருந்த கல்லின் பக்கவாட்டில் எட்டு என்று போட்டேன். எழுந்து சாலைப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து தெரியவில்லை, இன்னும் பெரிதாகப் போடு என்றாள். போட்டேன்.