ரோசம்மாவின் இரண்டு சட்டிகள்

1910 வாக்கில், சிராங்கூன் ரோட்டுக்கு அப்பால் இருந்த ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ரோசம்மாவுக்கு வேலை. வார்டில் கழிகிறதையெல்லாம் அள்ளிப் பின்கட்டில் சேர்க்க வேண்டும். அவள் வருவதற்கு முன்பு எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தது. காகங்கள் இரத்தத் துணியைக் கவ்விப்போய் மாட்டுக் கொட்டகைக் கூரைகளில் போடும். பால்காரர்கள் வாசலில் வந்து கத்துவார்கள். ரோசம்மா வந்த கையோடு மூன்று மண்ணெண்ணெய்த் தகரங்களைக் கேட்டு வாங்கி வைத்தாள். இரத்தம் பட்ட துணி சூளைக்கு. உடைந்த கண்ணாடி ஆழக் குழிக்கு. மிச்சச் சோறு பன்றி வளர்க்கும் சீனருக்கு.

"குப்பைக்கே குலம் கோத்திரம் பாக்குறியே தங்கச்சி! உன் மவளுக்கு மாப்பிள்ளை பாக்குறப்ப என்ன பாடு படுத்துவியோ!" என்பான் சூளைக்காரன் சிலுவைராஜ். இருவரும் ஒரே மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள்.

"கலந்தாத்தாண்ணே வினை," என்பாள் அவள்.

நஞ்சுக்கொடியையும் சூளையில் எரிப்பதுதான் அங்கே வழக்கம். அதை வீட்டு மண்ணில் புதைக்க வேண்டும் என்பவர்கள், அதற்காகவே ஆஸ்பத்திரிக்கு வராமல் வீட்டிலேயே பெற்று, சில நேரம் உயிரையும் விட்டார்கள். ரோசம்மா வெள்ளைக்கார மேட்ரனிடம் போய் நின்றாள். புதுச் சட்டியில் வைத்து, இறுக மூடி, நேரே வீட்டுக்குக் கொண்டுபோய் ஆழப் புதைப்பதானால் கொடுக்கலாம் என்று மேட்ரன் இறங்கி வந்தார். ஒன்று தவறினாலும் பழையபடி எல்லாம் சூளைக்குத்தான்.

அந்தச் சேதி கேட்டுத்தான் மைமூன் வந்து சேர்ந்தாள். முதல் பிள்ளையை வீட்டுப் பிரசவத்தில் பறிகொடுத்தவள். அவள் தாய் நஃபீசா, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் வளர்ந்தவள்.

"அது பிள்ளைக்குக் கூடப்பொறந்தது, ரோசம்மா. நெருப்புல போட்டா பிள்ளைக்கு ஆகாது."

"மாதா மேல ஆணை, மண்ணுக்குத்தான் போவும்," என்றாள் ரோசம்மா.

பெண் பிள்ளை பிறந்தது. நஃபீசா சொல்லிக்கொடுத்தபடி ரோசம்மா உப்பும் புளியும் மஞ்சளும் இட்டுச் சட்டியை மூடி, வெள்ளைத் துணியால் கட்டி, மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். சமையல்கட்டில் அன்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்ததால், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் கொண்டுவந்திருந்த கருவாட்டுக் குழம்புச் சட்டியும் அங்கேதான் இருந்தது. அதற்கும் வெள்ளைத் துணிதான் கட்டியிருந்தாள். தகரத்துக்குத் தகரம் வகை பிரித்தவளுக்கு இது மட்டும் தோன்றவில்லை.

மைமூனின் புருஷன் ரவூப் வந்தான். மகள் பிறந்த மகிழ்ச்சியில் கையில் அகப்பட்ட சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கொஞ்ச நேரத்தில் மேட்ரன் அந்தப் பக்கம் வந்தார். மிச்சமிருந்த சட்டியை யாரோ வைத்த சாப்பாடு என்று எண்ணி முகம் சுளித்து, சூளைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

ரோசம்மா சாப்பிட வந்தபோது படிக்கு அடியில் ஒன்றுமில்லை. மிச்சமிருந்த சட்டியை மேட்ரன் சூளைக்கு அனுப்பிவிட்டதாக வார்டில் சொன்னார்கள். "என் குழம்பும் போச்சா!" என்று அவள் நொந்துகொண்டிருக்கும்போதே ரவூப் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"அக்கா, கம்பத்துப் பூனையெல்லாம் எங்க வீட்டுலதான் நிக்குது! குழியைத் தோண்டிருச்சுங்க! உள்ள இருக்கிறது கருவாடு, அக்கா!"

ரோசம்மா சூளைப் பக்கம் திரும்பினாள். அப்படியானால் சூளைக்குப் போனது எது? கொடுத்த வாக்கும் மேட்ரனின் அனுமதியும் சேர்ந்தே எரிகிறதாக அவளுக்குத் தோன்றியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

சூளை கனன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் சிலுவைராஜ் சோறு வடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, படிக்கடியில இருந்த சட்டி எங்க?"

அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு, அரிவாள்மணை மறைவிலிருந்து சட்டியை மெல்ல எடுத்து வைத்தான். துணி கட்டியபடியே இருந்தது.

"கோவிச்சுக்காத தங்கச்சி. மஞ்சளும் புளியுமா கமகமன்னுச்சு. உன் கைக்குழம்பை எரிக்க மனசு வருமா? சோறு வடிஞ்சதும் தொறக்கலாம்னு..."

"தொறக்கலையே?"

"இன்னும் இல்ல. ஏன்?"

ரோசம்மா சொன்னாள். சிலுவைராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். வடித்த சோற்றைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான், இன்னொரு தரமும் சிலுவை போட்டுக்கொண்டான். ரவூப் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"உங்க பசிதான் அண்ணே எம் மவ கூடப்பொறந்ததைக் காப்பாத்துச்சு!"

இந்த முறை ரோசம்மாவே சட்டியைச் சுமந்து கூடப் போனாள். பூனைகளை விரட்டி, இடுப்பளவு குழி வெட்டிப் புதைத்தார்கள். நஃபீசா அவளைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை.

மாலையில் ரோசம்மா தானாகவே மேட்ரனிடம் நடந்ததைச் சொன்னாள். இனிமேல் அந்தச் சட்டிகளுக்குக் காவிப் பட்டை அடித்து, பூட்டிய அலமாரியில் வைப்பதாகவும், வார்டுப் பக்கம் சோறே கொண்டுவருவதில்லை என்றும் சொன்னாள். மேட்ரன் கோபத்தோடுதான் கேட்க ஆரம்பித்தார். சிலுவைராஜ் சோறு வடித்த இடம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அனுமதி நிலைத்தது. அதன்பின் கம்பத்துப் பெண்கள் தயங்காமல் வந்தார்கள்.

பிள்ளைக்கு ஆமினா என்று பெயர் வைத்தார்கள். பல வருஷம் கழித்து ரோசம்மா கண்மூடியபோது, ஆமினா துக்க வீட்டுக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் சமைத்துக் கொண்டுவந்தாள். கிழவனாகியிருந்த சிலுவைராஜ் அழுத கண்ணோடு இலைமுன் உட்கார்ந்தான். சட்டியைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டான்.

"தாயி, முதல்ல தொறந்து காட்டு."