சேகர் மோடில் சேகரே ஃபெயில்!

இரண்டு ஞாயிறுகளுக்கு முன்னால், மணிமங்கலத்தில் என் மாமியார் வீட்டில், எனக்கு மீன் தலை வரவில்லை.

சிரிக்காதீர்கள். அந்த வீட்டில் நான் மூத்த மாப்பிள்ளை. கல்யாணம் ஆன நாளிலிருந்து, வஞ்சிரமோ கொடுவாவோ, குழம்பில் கிடக்கும் தலை என் தட்டுக்குத்தான் வரும். யாரும் சட்டம் போடவில்லை... ஆனாலும் அது சட்டம். அன்று மாமியார் கரண்டியில் தலையை எடுத்தார். நானும் தட்டை லேசாக முன்னால் தள்ளினேன். கரண்டி என்னைத் தாண்டிப் போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சகலை சேகரின் தட்டில் இறங்கியது.

"நல்லா சாப்டுங்க மாப்ள. பேப்பர்லலாம் உங்க பேர் வரப்போவுதாமே!" என்றார் மாமியார்.

பேப்பரில் வாரா வாரம் பேர் வருகிற ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்! எனக்கு ஒரு நடுத்துண்டு. அதிலும் வால் பக்கத்து நடு.

சேகர் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி வசந்தியின் தங்கை கலாவைக் கட்டியவன். ஒரகடத்தில் பஸ், லாரிக்கு பாடி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிளாஸ்மா கட்டிங் ஆபரேட்டர். கையில் ஒரு டார்ச். பட்டனை அழுத்தினால் அதன் முனையிலிருந்து ஒரு நீல நாக்கு வரும். இரும்புத் தகட்டை அது கேக் வெட்டுவதுபோல வெட்டிக்கொண்டு போகும்.

பிளாஸ்மா என்றால் ரத்தம் சம்பந்தமானதா என்று கேட்காதீர்கள். இது வேறு. காற்றுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சிச் சூடேற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது காற்றாகவே இருக்காது. திடம், திரவம், வாயு... அதற்கும் அடுத்த நாலாவது நிலை. தண்டலம் பக்கத்தில் ஒரு காலேஜில் வருஷா வருஷம் இதைப் பாடமாக நடத்துகிறவன் யார்? அடியேன். ஆனால் ஒரகடத்து மெஷினுக்கு யார் பேரை வைத்திருக்கிறார்கள்?

சேகர் மோட்!

விஷயம் இதுதான். அந்த டார்ச்சின் முனையில் நாசில் என்று ஒரு சின்ன செம்புத் துண்டு இருக்கிறது. சூட்டில் அது சீக்கிரம் வீணாகிவிடும். எல்லோர் கையிலும் வீணாவது சேகர் கையில் மட்டும் ரொம்ப நாள் தாங்கியது. ஏன்? கம்பெனியின் டிசைன் குழுவிலிருந்து ஒரு மேடம் வந்தார். கேமரா வைக்கக் கூடாது என்று யூனியன் சொல்லிவிட்டதால், டார்ச்சுக்குள் சென்சார் மட்டும் வைத்தார்கள். எப்படிப் பிடிக்கிறார்கள், எவ்வளவு சாய்க்கிறார்கள், எப்போது பட்டனை அழுத்துகிறார்கள் — ஒவ்வொரு ஆபரேட்டரின் கைவழக்கமும் கம்ப்யூட்டருக்குப் போனது.

அதில் தெரிந்தது ஒரு ஆச்சரியம். மற்றவர்கள் ஒரு வெட்டு முடிந்ததும் சடாரென்று அடுத்த வெட்டுக்குப் போகிறார்கள். சேகர் மட்டும் நடுவில் நிற்கிறான். அந்த இடைவெளியில் டார்ச்சில் வெறும் காற்று ஓடி, நாசில் ஆறுகிறது. அதுகூடப் பரவாயில்லை. நீள வெட்டு என்றால் இடைவெளியும் நீளம். குட்டி வெட்டு என்றால் இடைவெளியும் குட்டி. நாசில் எவ்வளவு சூடானதோ அதற்குத் தக்கபடி! யார் சொல்லிக் கொடுத்தார்கள் இவனுக்கு?

"மேடம் கேட்டாங்கண்ணா, 'அந்த கேப்ல மனசுல என்ன நெனைப்பீங்க'ன்னு" என்று சொல்லிக்கொண்டே சேகர் மீன் தலையைப் பிரித்தான். "நான் இன்னாத்த நெனைக்கிறது? 'நெதானமா பண்ணுவேன் மேடம்'னேன். உடனே எழுதிகினாங்க."

நிதானமாம்! ரயில்வே கேட் மூடியிருந்தால் பைக்கைச் சாய்த்துக்கொண்டு அடியில் நுழைகிறவன்.

அவனுடைய இந்தப் பழக்கத்தை அப்படியே மெஷினுக்குள் ஏற்றிவிட்டார்கள். சேகர் மோடைப் போட்டுவிட்டால், யார் கையில் டார்ச் இருந்தாலும் சேகர் மாதிரி நின்று வெட்ட வேண்டும். நின்றால் பச்சை விளக்கு. அவசரப்பட்டால் சிவப்பு. இதைக் கண்டுபிடிப்பாகப் பதிவு செய்யப் போகிறார்கள். கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் மேடம் பேருக்குக் கீழே சேகர் பேரும் வரும். ஆனால் அதற்கு முன்னால் பெரிய அதிகாரிகள் முன்னிலையில் சேகர் ஒருமுறை செய்து காட்ட வேண்டும்.

எனக்கு வயிறு எரிந்தது. குழம்பில் காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சேகர் கெட்டவனாக இருந்தால்கூட நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருக்கலாம். நல்லவன் சார்! என் வீட்டு மோட்டார் ரிப்பேர் என்றால் ஷிஃப்ட் முடிந்து குன்றத்தூர் வந்து சரிசெய்துவிட்டுப் போகிறவன். நல்லவன் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா? திட்ட வார்த்தையே கிடைக்காது.

கை கழுவும்போது ஒரு கவரை நீட்டினான். "அண்ணா, உங்க கண்ணாடி. கம்பெனில எனக்குப் புதுசு பண்ணிக் குடுத்துட்டாங்க. பின்னாடி பெல்ட்லாம் வெச்சி, தலையோட இறுக்கிப் புடிச்சிக்குது. இத்த நீங்களே வெச்சிக்கோங்க."

அது என் பழைய கண்ணாடி. இரண்டு பேருக்கும் வெள்ளெழுத்து, இரண்டு பேருக்கும் ஒரே பவர். நான் புது ஃபிரேம் வாங்கியபோது பழசை அவனுக்குக் கொடுத்தேன். கொடுத்ததை நாலு பேர் முன்னால் அவ்வப்போது ஞாபகப்படுத்தவும் செய்தேன். இப்போது அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டான்! இனிமேல் எதைச் சொல்லிக் காட்டுவது?

அந்தக் கடுப்பில்தான் போன வாரம் இதே பத்தியில் 'உள்ளதைக் கொண்டு மகிழ்வோம்' என்று எழுதினேன். கண் கலங்கியதாக மெசேஜ் அனுப்பிய அத்தனை பேரும் மன்னிக்கவும்.

புதன்கிழமை சாயங்காலம் சேகர் போன் செய்தான். குரலே சரியில்லை.

"அண்ணா... என் கை என் கையாவே இல்லண்ணா."

"என்னடா ஆச்சு?"

"திங்கக்கெழமலருந்து எது பண்ணாலும் செகப்பு. சேகர் மோட்ல சேகரே ஃபெயில்னு லைன்ல எல்லாரும் சிரிக்கிறானுங்க. நாசிலும் படபடன்னு போவுது. மேடம் ஒரு மாதிரியா பாக்கறாங்க. முன்னாடி வேணும்னே நடிச்சனோன்னு நெனைக்கிறாங்க போல கீது. வெள்ளிக்கெழம டெமோண்ணா. அதுல செகப்பு எரிஞ்சா பட்டியல்லருந்து என் பேர எடுத்துடுவாங்க. நீங்க பிளாஸ்மா பாடம் எடுக்கறவரு. இன்னா தப்பு பண்றேன், சொல்லுங்கண்ணா."

"டென்ஷன் ஆகாதே. யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன்.

வைத்துவிட்டு என்ன செய்தேன்? உங்களிடம் மறைப்பானேன்... ஒரு கப் காபி போட்டு, சர்க்கரை கூடவே சேர்த்து, பால்கனியில் நின்று குடித்தேன். குன்றத்தூர் மலை அன்று ரொம்ப அழகாக இருந்தது.

மறுநாள், வியாழக்கிழமை. என் மனைவி என் புது ஃபிரேம் மேல் உட்கார்ந்து உடைத்துவிட்டாள். "சோஃபால எவன்னா கண்ணாடி வெப்பானா?" என்று என்னையே திட்டினாள். திருத்தவோ ஒரு கட்டு விடைத்தாள் கிடக்கிறது. வேறு வழியில்லாமல் சேகர் திருப்பிக் கொடுத்த பழைய கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

குனிந்தேன். கண்ணாடி வழுக்கிக்கொண்டு மூக்கு நுனிக்கு வந்தது. ஏற்றிவிட்டேன். மறுபடி குனிந்தேன், மறுபடி வழுக்கியது. எனக்கு மண்டை கொஞ்சம் பெரிசு, அந்த அளவுக்குச் செய்த ஃபிரேம் அது. சேகருக்கோ நெல்லிக்காய் மண்டை. அவன் மாட்டி மாட்டி லொடலொட என்றாகி, இப்போது என் தலையிலேயே நிற்கவில்லை. ஒரு மார்க் பதிலா... லேசாக இறங்கும், ஒரு தட்டு போதும். பத்து மார்க் கட்டுரையா... நெடுநேரம் குனிந்து, வியர்த்து, நுனி வரைக்கும் வந்துவிடும். கழற்றி, துடைத்து, திரும்ப மாட்ட வேண்டும்.

குட்டி வெட்டுக்குக் குட்டி இடைவெளி. நீள வெட்டுக்கு நீள இடைவெளி.

அடப்பாவி!

பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். தீப்பொறி படாமலிருக்க சேகரின் முகத்துக்கு மேல் ஷீல்டு, அதற்குள் என் கண்ணாடி. ஒரு வெட்டு முடிந்ததும் ஷீல்டைத் தூக்கி, கண்ணாடியை ஏற்றி, ஷீல்டை இறக்கி, பிறகுதான் அடுத்த வெட்டு. அந்த நேரத்தில்தான் நாசில் ஆறியிருக்கிறது! கேமரா இல்லாததால் மேடத்துக்குத் தெரியவில்லை. பழகிப்போனதால் சேகருக்கே தெரியவில்லை. புதுக் கண்ணாடி இறுக்கிப் பிடித்துக்கொண்டதும் இடைவெளி போயே போய்விட்டது. உலகத்திலேயே இது தெரிந்த ஒரே ஆள், குன்றத்தூரில் டைனிங் டேபிளில் உட்கார்ந்திருக்கிறான்.

"இன்னாங்க, பேப்பர் திருத்தறீங்களா, இல்ல தனியா சிரிச்சிகினு இருக்கீங்களா?" என்றாள் வசந்தி.

"பையன் ஒருத்தன் ஜோக்கா எழுதியிருக்கான்."

"கலா போன் பண்ணா. அவரு நேத்துலருந்து ஒழுங்கா சாப்டலையாம். பாவமா இருக்குது."

நான் அடுத்த விடைத்தாளை எடுத்தேன். சேகரிடம் சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன? நான் எதுவும் செய்யவில்லையே. வெறுமனே விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சிவப்பு எரியும். பேர் போகும். ஞாயிற்றுக்கிழமை தலை பழையபடி என் தட்டுக்கு வரும். எவ்வளவு சுலபம்!

இப்படி நினைத்து முடிக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. சேகர் மோட் செத்துப்போனால், அந்தக் கண்டுபிடிப்புக்கே காரணம் என் கண்ணாடி என்பது யாருக்குத் தெரியும்? என் ஃபிரேம்! என் மண்டையின் சுற்றளவு! அவன் பேர் பிழைத்தால்தானே அதில் நான் பங்கு கேட்க முடியும்?

மனிதனை நல்லது செய்ய வைப்பது அன்பு, கருணை என்றெல்லாம் எழுதுகிறோம். நானே எழுதியிருக்கிறேன். அந்த ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே ஸ்கூட்டரில் பெட்ரோல் போட்டு வைக்க என்னைக் கிளப்பியது சத்தியமாக அதெல்லாம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, முதல் ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. ஒரகடத்தில் கம்பெனி கேட்டுக்கு எதிர் டீக்கடையில் சேகர் நின்றிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையிலிருந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. கண்ணாடியை அவன் கையில் வைத்தேன்.

"இதை மாட்டிக்கிட்டுப் பண்ணு."

"இன்னாண்ணா, இது லூசு. ஒவ்வொரு தபாவும் எறங்கும். ஷீல்ட தூக்கித் தூக்கி ஏத்தணும்."

"அதான்டா! ஏத்து."

சேகர் கண்ணாடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கை தன்னாலே போய் மூக்கைத் தொட்டது.

"ஐயய்யோ... இத்தத்தான் பண்ணிகினு இருந்தேனா?" அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "நான்கூட எனக்கு இன்னாவோ தனித் தெறம கீதுன்னு நெனச்சிகினு இருந்தேண்ணா."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த ஞாயிறிலிருந்து நான் ஆசைப்பட்ட வாக்கியம் அது. வந்தபோது இனிக்கவில்லை.

"திறமை இல்லாமலா லைனில் இத்தனை வருஷம் நிக்கறே? ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு, போ" என்றேன்.

மத்தியானம் வகுப்பில் இருக்கும்போது போன் அதிர்ந்தது. வராண்டாவுக்கு ஓடிப் போய் எடுத்தேன்.

"பச்சைண்ணா! ஃபுல்லா பச்சை! ஒண்ணுகூட செகப்பு இல்ல!"

"மேடத்துகிட்ட கண்ணாடி விஷயம் சொன்னியா?"

"மொதல் வேலையா சொல்லிட்டேண்ணா. சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டு, எழுதிகினாங்க. கண்ணாடியோ இன்னாவோ, அந்த கேப்தான் முக்கியமாம். என் பேரு பட்டியல்ல கீதுண்ணா!"

"என் கண்ணாடின்னு சொன்னியா?"

"சொன்னேண்ணா."

"என்ன எழுதினாங்க?"

"'ஆபரேட்டரின் இயல்பான இடைவெளி'ன்னு போட்டுகிறாங்க."

இயல்பா? என் மண்டை சைஸ் சார் அது!

இந்த ஞாயிறு மறுபடி மணிமங்கலம். கொடுவா மீன் குழம்பு. மாமியாரிடம் யார் என்ன சொன்னார்களோ தெரியாது, ஒன்றும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். கரண்டி இந்த வாரமும் யோசிக்காமல் என்னைத் தாண்டிப் போய் சேகர் தட்டில் தலையை இறக்கியது. நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

சேகர் மூக்கு நுனிக்கு வந்துவிட்ட என் கண்ணாடியைப் புறங்கையால் ஏற்றிவிட்டான். தலையைப் பிளந்து, பதமாக அந்தக் கண்ணை மட்டும் தோண்டி எடுத்தான். என் தட்டில் வைத்தான்.

"இது உங்களுதுண்ணா" என்றான்.

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. வசந்தி என்னைப் பார்த்தாள், கலா தன் புருஷனைப் பார்த்தாள். நான் குனிந்து அதைச் சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் நிமிரவில்லை, குழம்பில் காரம் அதிகம்.

ருசி அபாரம். ஆனாலும்... தலை தலைதானே?