தண்ணீரில் வழுக்கி வரும் எழுத்து

கள்ள நோட்டு அடிக்கிறவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டா அடிப்பாள்? இந்த ஒரு கேள்விக்கு எதிர்வீட்டுக்காரி இதுவரை பதில் சொல்லவில்லை. வாசனை வருகிறதாம். வார்னிஷ் பூசினால் வார்னிஷ் வாசனை வராமல் பன்னீர் வாசனையா வரும்? கதவை ஏன் சாத்துகிறாள் என்று அடுத்த கேள்வி. எதிர்க்காற்று வந்தால் தூசி ஒட்டும். அதனால் கதவைச் சாத்துகிறாள். வாசனை வெளியே போக வேண்டும். அதனால் ஜன்னலைத் திறக்கிறாள். என் மருமகள் செய்கிற வேலையை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் தெருவில் வாயைத் திறக்கட்டும்.

அவள் பொம்மைக் கப்பலுக்கும் பொம்மை ரயிலுக்கும் எழுத்து ஒட்டுகிறாள். பொம்மை என்றால் கோபம் வந்துவிடும். "மாடல், அத்தை" என்பாள். சரி, மாடல். நிஜ ரயிலில் ஆள் உயரம் இருக்கிற எண் இவளுடைய ரயிலில் எறும்பு உயரம். அதைக் கையால் எழுத முடியாது. பசை தடவிய தனித் தாள் ஒன்று இருக்கிறது. அதில் அச்சடித்து, மேலே வார்னிஷ் பூசி, காய்ந்த பிறகு ஓரம் ஓரமாக வெட்டி, தட்டுத் தண்ணீரில் போடுவாள். நாற்பது எண்ணுவதற்குள் தாள் வேறு படம் வேறாகக் கழன்றுகொள்ளும். வெங்காயத் தோலைவிட மெல்லிசான அந்தப் படத்தைத் தூரிகை நுனியால் கப்பல்மேல் வழுக்கிவிடுவாள். அதற்கு டீக்கால் என்று பெயர். தட்டு என்னுடையது, நான் சாப்பிடுகிற தட்டு. கேட்டால், "ஆழம் சரியா இருக்கு அத்தை" என்கிறாள்.

அந்த நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது. நான் இருமக் கூடாது. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓட வேண்டும். என் மகனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு குனிந்திருப்பாள். படத்தைப் பிடிக்கிற இடுக்கியான சாமணத்தைக் கொண்டையில் செருகிவிட்டு வீடெல்லாம் தேடுவாள். ஒருமுறை ரயிலின் எண் ஒன்றைக் காணோம் என்று மூன்று நாள் என்னை அறையைப் பெருக்க விடவில்லை. கடைசியில் அது என் முழங்கையில் ஒட்டியிருந்தது. அதற்குள் இரண்டு தடவை குளித்திருந்தேன். "பாத்தீங்களா என் வார்னிஷோட பலத்த" என்று அதிலும் ஒரு பெருமை.

வம்பு பிறந்தது ஒரு எண்ணால்தான். எதிர்வீட்டு எண் எட்டு. கதவில் எழுதியதில் இடது பக்கம் முழுக்க உதிர்ந்துபோய், பார்க்கிறவருக்கு அது மூன்று. எங்கள் வீடு நிஜமான மூன்று. தபால்காரர் மாறிக்கொண்டே இருப்பார். புதிதாக வருகிறவர் எங்கள் தபாலை அங்கே போட்டுவிட்டுப் போவார். அப்படித்தான் டீக்கால் தாள் கட்டு எதிர்வீட்டுக்காரி கைக்குப் போனது. பிரித்துப் பார்த்திருக்கிறாள். பளபளவென்று தாள். போதாதா? சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரைக்கும் செய்தி. என் மகனையே நிறுத்தி, "தம்பி, பாத்துக்கப்பா. கதவச் சாத்திக்கிட்டு இருக்கிறவ ஒருநாள் படி தாண்டிடுவா" என்றாளாம். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். "தாண்டட்டுங்க்கா. படி எங்களோடதுதானே" என்று சொல்லிவிட்டு வந்து செருப்பைக் கழற்றினான்.

மருமகள் சிரிக்கவில்லை. அவள் வேலை பார்த்த அச்சகம் மூடி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போன இடமெல்லாம் வயது நாற்பத்தொன்றா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் துறைமுகக் காட்சியகத்தில் மாடல் அறைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஆற்று முகத்தில் முன்பு ஆட்களை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்வந்த பழைய படகை யார் அச்சு அசலாகச் செய்கிறார்களோ அவருக்கு வேலை. படகை ஓட்டிய சுக்கானிதான் பார்த்துச் சொல்லப்போகிறார். "இது போச்சுன்னா நான் டீக்காலத் தொடவே மாட்டேன் அத்தை" என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றைக்கு என் தட்டை நானே கழுவி அவள் பக்கத்தில் வைத்தேன்.

படகு நீலம். பெயர் வெள்ளை. வீட்டு அச்சு இயந்திரத்துக்கு வெள்ளை அடிக்கத் தெரியாதாம்! அதனால் கழன்று வருகிற தோலே வெள்ளையாக இருக்கிற தாளில் சுற்றிலும் நீலத்தை அடித்து, எழுத்தின் இடத்தை மட்டும் வெறுமனே விட்டாள். முதல் தாளை, அவசரத்தில் வார்னிஷ் பூசாமலே தண்ணீரில் போட்டாள். தட்டு முழுக்க நீலம். கையில் வெறும் வெள்ளைத் தாள். இரண்டாவது தாள் நன்றாக வந்தது. ஆனால் படகின் நீலம் வேறு, தாளின் நீலம் வேறு. ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி பல்லிளித்தது. பதினோரு நீலம் அடித்துப் பார்த்தாள். காலை வெளிச்சத்தில் சேர்ந்தது மத்தியானம் பிரிந்தது. பன்னிரண்டாம் நாள் எல்லாத் தாளையும் ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். "படத்துக்கு நிறம் தேடினது போதும். இனிமே படகோட நிறம் படத்தத் தேடி வரட்டும்" என்றாள். தாளின் நீலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, படகு மொத்தத்தையும் அதற்கேற்பத் திரும்பப் பூசினாள். பூசுவதற்கு முன்னால் குச்சி குச்சியாகப் பெயிண்ட் தொட்டு ஜன்னலோரம் வரிசையாகக் காயவைத்தாள். ஐந்தாவது குச்சி தாளோடு சேர்ந்தபோது எது குச்சி எது தாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒட்டப் போகிற நேரத்தில் நான்தான் குறுக்கே விழுந்தேன். எனக்கு எழுத்து தெரியாது. அதனால் எல்லா எழுத்தும் எனக்குப் படம்தான். படகின் பழைய போட்டோவில் இருந்த பெயரைக் காட்டி, "எல்லாரும் நிக்கிறாங்க, கடைசி ஆள் மட்டும் ஏன் உக்காந்திருக்கான்?" என்று கேட்டேன். அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பெயர் எழுதியவர் ஆடுகிற படகில் நின்று எழுதினாரோ என்னவோ, கடைசி எழுத்து மயிரிழை கீழே இறங்கியிருந்தது. எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேராக இருந்த தாளைக் கிழித்துப்போட்டு, திரும்ப அச்சடித்தாள்.

படகைக் கொடுத்துவிட்டு வந்து மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. அவள் பாத்திரத்தைத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலையில் எதிர்வீட்டுக்காரி எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு உறை, வாய் கிழிந்திருந்தது. "எங்க வீட்டுல போட்டுட்டான்க்கா. தெரியாம பிரிஞ்சிருச்சு" என்றாள்.

மருமகள் உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. பிரிச்சதுதான் பிரிச்ச, நீயே படி" என்றேன். முழுங்கி முழுங்கிப் படித்தாள். மாடல் அறைப் பொறுப்பு என் மருமகளுக்காம். மற்றவர்கள் எல்லாரும் பெயரை நேராக ஒட்டியிருந்தார்களாம். சுக்கானி இந்தப் படகைப் பார்த்ததும், இறங்கியிருந்த அந்தக் கடைசி எழுத்தின்மேல் விரலை வைத்து, இதுதான் என் படகு என்று சொன்னாராம்.

"காது சரியா கேக்கல. இன்னொரு தடவ படி" என்றேன். படித்தாள். நல்ல மனுஷி, முழுசாகப் படித்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் முதல் தடவையே நின்றுபோயிருந்தது.

வேலைக்குப் போகிற முதல் நாள், மருமகள் படி தாண்டினாள். புதுச் செருப்பு, கொண்டையில் வழக்கம்போல மறந்துபோன சாமணம், ஒரு கையில் என் தட்டு. தட்டை ஏன் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று பின்னாலேயே வந்தேன். நேரே தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவின்முன் நின்றாள். உதிர்ந்த பெயிண்டைத் துணியால் துடைத்தாள். தட்டுத் தண்ணீரிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு எட்டை வழுக்கி எடுத்து, பழைய எண்ணின்மேல் வைத்து, கட்டை விரலால் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் மெதுவாக நீவிவிட்டாள்.