ஏழாவது படி

சமது நானா போய்விட்டார். இன்று காலை, கிண்ணியாவில், மகள் வீட்டில்.

மகள் ஃபரீனா போனில் சொன்னாள். ஒஃபீஸ் கதிரையில் அப்படியே இருந்து இதை எழுதுகிறேன்...

திருகோணமலை ஹாபர் பக்கம் போனவர்கள் அந்தப் பழைய மாடிக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். கீழே நாலு கடை, மேலே நாலு வீடு. கடலைப் பார்த்த மரப் பல்கனி. கை விரித்தாலும் அடங்காத தடிப்பில் சுண்ணாம்புச் சுவர்.

கீழே நானாவின் தூண்டில், கயிற்றுக் கடை. மேலே அவர் குடும்பம். அடுத்த கதவு நாங்கள். பதினெட்டு வருஷம்.

மேல் வீடுகளுக்குப் பலகைத் தளம். நானா வீட்டுத் தளத்தில் மட்டும் ஒரு சதுர மூடி. அவர் மனைவி அதைத் தூக்கி, தேத்தண்ணீர்க் கூடையைக் கயிற்றில் நேரே கடைக்குள் இறக்குவார். மூதூரிலிருந்து வலைக்கயிறு வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து வாய் பிளப்பார்கள்.

"வானத்தால வருது, குடிங்க" என்பார் நானா.

மேலே ஏற ஒரே ஒரு மரப்படிதான், கட்டடத்தின் நடுவில். அதில் கீழிருந்து ஏழாவது படி உக்கிப்போயிருந்தது. கடைகளுக்கு ஒரு உறுதிப் பத்திரம், வீடுகளுக்கு இன்னொரு உறுதி... படி எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத படியை யார் திருத்துவது?

அதனால் எல்லோரும் ஏழாம் படியைத் தாண்டி ஏறினோம், தாண்டி இறங்கினோம். பழக்கமில்லாத கால் சத்தம் கேட்டால், கடைக்குள் இருந்தபடியே "ஏழு!" என்று கத்துவார் நானா. தபால்காரருக்கு, மின்சாரக்காரருக்கு, எல்லோருக்கும்.

என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தகப்பனுக்கும் "ஏழு!" மனிதர் ஏழரைச் சனியைச் சொல்கிறார்கள் என்று நினைத்து முகம் கறுத்துப்போனார். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. நானா ஒரு கிழமை என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன வருஷம் தண்ணீர் வாளியோடு ஏறிய அம்மா, ஏழாம் படியை மறந்து காலை வைத்துவிட்டார். முழங்கால் வரை உள்ளே போனது. எனக்கு வந்த கோபத்தில், படியைத் திருத்தித் தரும்படி நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். நானாதான் கடைசி.

"படிய மட்டும்தானே கேட்டிருக்கீங்க தங்கச்சி?"

"ஓம் நானா, படிய மட்டும்தான்."

நகரசபையிலிருந்து வந்தவர்கள் படியைப் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்தார்கள், சுவரைத் தட்டினார்கள். 'அபாயக் கட்டடம்' என்று போர்ட் வைத்தார்கள். எட்டுக் கதவும் பூட்டு... எல்லோரும் வெளியே.

"சுனாமியில கடல் வந்தப்பவும் நிண்ட சுவர் இது" என்றார் நானா.

என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஃபரீனாவின் வீடு புது வீடு. டைல்ஸ் போட்ட படி. பிடிக்கக் கம்பி. நல்ல வெளிச்சம்.

"படியில ஒண்டுமில்ல அக்கா. ஈரம்கூட இல்ல" என்று அழுதாள். "சுபஹு தொழுகைக்கு இறங்கின வாப்பா, நடுவால ஒரு படிய விட்டுட்டுக் காலை எட்டி வச்சிருக்கார்..."

எத்தனையாவது படி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க ஏலாது.

அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. இடிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. உக்கின படியும் உள்ளே அப்படியேதான் இருக்கும். இனி அதைத் திருத்தினாலென்ன, விட்டாலென்ன.

பின்னேரம் அடக்கம். அதற்கு முன் முகம் பார்க்க வேண்டும். கிண்ணியா பஸ்ஸுக்கு இறங்கப் போகிறேன். எங்கள் ஒஃபீஸும் மாடியில்தான்... நானும் இங்கே ஒரு படியை விட்டுத்தான் இறங்குகிறேன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

மன்னிச்சுக் கொள்ளுங்கோ நானா.

நான் படிய மட்டும்தான் கேட்டனான்.