மேஸ்திரிக்கு நான் கட்டிவிட்ட கிமோனோ

அந்த மேஸ்திரி பேரை நான் எழுத மாட்டேன். எழுதினா மைக்குத்தான் கேடு. ஆனா அவனுக்கு நான் செஞ்சதை எழுதியே தீருவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். ரங்கூன்ல, தாமுவேயில எங்க வீடு. அவன் துறைமுகத்துல கூலியாட்களை மேய்க்கிற மேஸ்திரி. எங்க அக்காவைப் பொண்ணு பார்த்து, தாம்பூலம் மாத்தி, ரெண்டு தீபாவளிக்கு எங்க வீட்டுல மூக்குப்பிடிக்கத் தின்னான். அப்புறம் ஒருநாள் தெருவே கேட்கிற மாதிரி, "பர்மாவுல பொறந்தவளுக்கு ஏது ஒழுக்கம்? நான் ஊர்ல போய்க் கட்டிக்கிறேன்"னு கத்திட்டுப் போனான். நாசமாப் போறவன்! அன்னைக்கு உள்ளே போன அக்கா, ரெண்டு வருஷமா வாசல்படி தாண்டலை. சாமி தேர் எங்க தெரு வழியாப் போனப்பகூட சன்னலைச் சாத்திக்கிட்டா. அவ மறுபடியும் தெருவுல தலைநிமிர்ந்து நடக்கணும், அவன் தலை குனியணும். எனக்கு இருந்த வெறி அது ஒண்ணுதான்.

நான் அப்போ ஒரு ஜப்பான்காரர் போட்டோக் கடையில வேலை பார்த்தேன். புருஷன் பெஞ்சாதி ரெண்டு பேருக்கும் சொந்த ஊரு கியோத்தோ. வர்றவங்க ஆசைப்பட்டா கிமோனோங்கிற அவங்க ஊர் அங்கியைக் கட்டிவிட்டு, கியோத்தோவை வரைஞ்ச திரைக்கு முன்னால நிறுத்துவோம். பொம்பளைங்களுக்கு அந்தம்மா கட்டும், ஆம்பளைங்களுக்கு நான். திரையில மலைச்சரிவுல மரத்தூண் மேல நிக்கிற ஒரு கோயில், அஞ்சு அடுக்குக் கோபுரம், கீழே திருவிழாத் தேர். அந்தத் தேர்ச் சக்கரம் ஆளைவிட உயரம்னு அந்தம்மா பர்மியத்துல சொல்லும். எந்தத் தேருக்குப் பின்னால எந்தத் தேருன்னு சீட்டுக் குலுக்கித்தான் முடிவு பண்ணுவாங்களாம். "எங்க ஆளுங்கன்னா மண்டை உடைஞ்சிருக்கும்"னேன். விழுந்து விழுந்து சிரிச்சுது. ஆடி ஆவணி வாக்குல ஒரு கோயில்ல கயிறை இழுத்து மணியடிச்சு, செத்தவங்களை வீட்டுக்குக் கூப்பிடுவாங்களாம். அப்புறம் மலைமேல பெரிய எழுத்தா நெருப்பு மூட்டி வழியனுப்புவாங்களாம். செத்தவங்களுக்கே அத்தனை மரியாதை. உயிரோட இருக்கிற எங்க அக்காவுக்கு இங்க என்ன கிடைச்சுது?

வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே நான் ஒரு தப்புப் பண்ணியிருந்தேன். வலதுதானே நமக்கு மங்களம்னு, கிமோனோவை மார்புக்குக் குறுக்கே மடிக்கிறப்போ வலப்பக்கம் மேலே வர்ற மாதிரி மடிச்சுட்டேன். அந்தம்மா பதறிப்போய் என் கையைப் பட்டுன்னு தட்டிவிட்டுச்சு. உயிரோட இருக்கிறவங்களுக்கு இடப்பக்கம்தான் மேலே வரணுமாம். வலப்பக்கம் மேலே வந்தா அது பிணத்துக்குக் கட்டுற கட்டாம்.

ஒருநாள் காலையில மேஸ்திரி கடைக்கு வந்தான், ஊர்ல கட்டின புதுப் பெஞ்சாதியோட. சின்னப் பொண்ணு, பதினேழு வயசு இருந்தா அதிகம். மாமனாருக்கு ஜப்பான் உடுப்புல ஜோடிப் படம் அனுப்பணுமாம். விரிச்சிருந்த பாய் மேல பூட்ஸ் காலோட ஏறினான். அந்தம்மா கழட்டச் சொல்லிக் கும்பிட்டும் கேக்கலை. என்னைப் பார்த்து, "என்னடா, உங்க அக்கா இன்னும் வீட்டோடதானா?"ன்னு இளிச்சான்.

"வாங்க மேஸ்திரி, நானே கட்டிவிடுறேன்"னேன். இடப்பக்கத்தை உள்ளே வெச்சு, வலப்பக்கத்தை மேலே போட்டு, இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினேன்.

உள்ளே போய்க் கட்டிக்கிட்டு வந்த அந்தப் பொண்ணு எங்களைப் பார்த்துட்டு, "அண்ணே, அவங்களுக்கு மட்டும் மாத்தி மடிச்சிருக்கே?"ன்னு கேட்டுச்சு.

"ஆம்பளைங்களுக்கு இப்படித்தாம்மா." பாவம், நம்பிடுச்சு.

அந்தம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்துச்சு. பாயில இருந்த பூட்ஸ் கறையைப் பார்த்துச்சு, மூடிக்கிச்சு. கேமராவோட கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்ட முதலாளி வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "சீக்கிரம் எடுய்யா!"ன்னான் மேஸ்திரி. எடுத்துட்டார்.

படத்தைப் பெரிசாப் போட்டு வாசல் கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்னு அவனே கேட்டான். வெச்சோம். அந்தப் பக்கம் போற ஜப்பான்காரங்க திடுக்குன்னு நின்னு, கைகூப்பித் தலை குனிஞ்சுட்டுப் போனாங்க. மேஸ்திரிக்குத் தலைகால் புரியலை. "ஜப்பான்காரனே எனக்குச் சலாம் வைக்கிறான் பாரு"ன்னு துறைமுகத்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து காட்டினான். தன் இழவுக்குத் தானே ஆள் கூட்டினவனை நீங்க பார்த்திருக்கீங்களா? நான் கண்ணு குளிரப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போய் அக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மறுநாள் காலையில நல்ல புடவை கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. "காட்டு"ன்னா. கடை வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராம நடந்து வந்தா. படத்துக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னா. இப்போ சிரிப்பா, இப்போ சிரிப்பான்னு நான் காத்துக்கிட்டிருந்தேன்.

"இந்தப் பொண்ணுக்கு எந்த மடிப்பு?"

"சரியான மடிப்புதான் அக்கா. உயிரோட இருக்கிறவங்க மடிப்பு."

"அப்போ இவளைத் தாலியறுத்தவளா நிக்க வெச்சிருக்கே. இவ உனக்கு என்னடா பண்ணினா?"

அண்ணேன்னு கூப்பிட்ட அந்தக் குரல் காதுல கேட்டுது. படத்தை எடுத்துடவான்னு கேட்டேன்.

"கத்திரிக்கோல் கொண்டா."

பெட்டியிலேர்ந்து படத்தை எடுத்து, கத்திரிக்கோலோட கொடுத்தேன். ரெண்டு பேருக்கும் நடுவுல நேரா வெட்டினா. அந்தப் பொண்ணு இருந்த பாதியை முந்தானைக்குள்ள பத்திரமா வெச்சுக்கிட்டா. அவன் பாதியை என் கையில கொடுத்தா.

"இதை மறுபடியும் மாட்டு. பிணத்துக்குப் பக்கத்துல அந்தப் பொண்ணு எதுக்கு?"

மாட்டினேன். அக்கா எனக்காக நிக்கலை. நடுத்தெருவுல, தலையை நிமிர்த்திக்கிட்டு, தனியாவே வீட்டுக்கு நடந்து போனா.