டீச்சர் எழுதாத நாவல்

சிவகாசியிலிருந்து அட்டைக் கட்டு வந்து இறங்கும் நாள் எங்கள் அச்சாபீசில் திருவிழா மாதிரி இருக்கும். சணல் கயிற்றை அறுத்துப் பிரித்தால் புது மசி வாசனை குப்பென்று அடிக்கும். மூன்று மாதத்துக்கு வேண்டிய அட்டைகள் மொத்தமாக வரும். தலைப்பு, படம், ஆசிரியர் பெயர் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். கதை மட்டும் இன்னும் எழுதப்பட்டிருக்காது. ஆமாம், எங்களிடம் அட்டை முதலில், கதை பிறகு. வண்ண அச்சுக்கு சிவகாசியில் வரிசையில் நிற்க வேண்டும் என்பதால் முதலாளி முன்கூட்டியே தலைப்பையும் படத்தையும் முடிவு செய்து அனுப்பிவிடுவார். அட்டை வந்து சேர்ந்த பிறகு அதற்கு ஏற்ற கதையை எழுத்தாளர் எழுதித் தரவேண்டும். படத்தில் கத்தி இருந்தால் கதையில் ஒருவன் குத்துப்பட்டே ஆகவேண்டும். வெளியார் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

அறுபதுகளின் நடுவில், மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த மாத நாவல் கம்பெனியில் நான்தான் புரூஃப் பார்ப்பவன், பதிப்பாசிரியன், ஆள் வராத நாளில் பசை தடவுகிறவன். முதலாளி அந்த ஊர்க்காரர். நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு மிஷின் வாங்கியவர். அவர் தன் புத்தகம் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. ஆனால் எது ஓடும் என்பது அவருக்கு மூக்கில் தெரியும். அப்போது ஓடியது துப்பறியும் கதை. பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலில் ஏறினால் மூன்று பேருக்கு ஒருவர் கையில் ஒரு கொலை இருக்கும். சானடோரியம் ஸ்டேஷனில் பிணம் விழுந்தால் மாம்பலத்தில் துப்பு கிடைத்து எழும்பூரில் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான்.

அந்தக் காலத்தில்தான் டீச்சர் வந்தார். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர், வெள்ளைப் புடவை, கையில் குடை. பரீட்சைத் தாளில் சிவப்புக் கோட்டுக்கு வெளியே ஓர் எழுத்து போகாமல் முழு நாவலையும் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதில் ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. ரயில் நேரங்களைக் கூட்டிக் கழித்தே குற்றவாளியைப் பிடித்துவிடும் ஒரு டிக்கெட் கிளார்க்தான் கதாநாயகன். எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. ஆசிரியர் பெயர் இருந்த இடத்தில் ஓர் ஆணின் பெயர் இருந்தது. யார் என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரர் பேர். ரயில்வேல டிக்கெட் கொடுக்கிற வேலை. குழந்தை தவழ்ந்துக்கிட்டு இருக்கும்போதே மஞ்சள் காமாலையில போயிட்டாரு. அவர் பேர் எங்கயும் அச்சுல வந்ததில்ல தம்பி. கல்யாணப் பத்திரிகையில ஒரு தடவை வந்துச்சு, அவ்ளோதான்."

எட்டு வருடத்தில் அந்தப் பெயரில் முப்பத்தொரு நாவல்கள் வந்தன. எழுதுவது யார் என்று முதலாளியையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. பள்ளியில் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று நினைத்தேன். காரணம் அது மட்டுமல்ல என்று பிறகு ஒரு நாள் புரூஃப் தாள் வாங்க வந்தபோது அவரே சொன்னார். மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் அட்டையைப் பார்த்து, "இது அப்பா பேருல்ல? அப்பாவா எழுதினாரு?" என்று கேட்டிருக்கிறாள். "ஆமான்னுட்டேன் தம்பி. பெட்டி நிறைய எழுதி வெச்சிட்டுப் போனாரு, மாசா மாசம் அச்சாகுதுன்னேன். அவ முகத்தைப் பார்த்தப்புறம் மாத்திச் சொல்ல மனசு வரல." சொல்லிவிட்டுச் சின்னப் பெண் மாதிரி சிரித்தார். அப்பனைப் பார்த்த நினைவே இல்லாத ஒரு குழந்தைக்கு அந்தப் புத்தகங்கள்தான் அப்பன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இன்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழி இல்லை.

எழுபது பிறந்ததும் துப்பறியும் கதை படுத்துவிட்டது. ஸ்டேஷன் கடைகளுக்குப் போன கட்டுகள் பிரிக்காமலே திரும்பின. "இன்னாபா, துப்பறியறதெல்லாம் பூட்ச்சு. பேய்தான் இப்ப ஷோக்கா ஓடிக்கினு கீது. டீச்சரம்மாகிட்ட சொல்லு" என்றார் முதலாளி. டீச்சர் பாவம், ஒரு பேய்க்கதையும் எழுதிப் பார்த்தார். கடைசியில் பேய் என்பது வெள்ளை வேட்டி கட்டிய வாட்ச்மேன் என்று கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "பேயின்னா பேயா இருக்கணும்பா. கடசீல வாட்ச்மேன்னு சொன்னா துட்டு குட்த்தவன் காறித் துப்புவான்!" அந்தப் பேயும் இரண்டு வருடம்தான் ஓடியது. அதற்குப் பிறகு வந்ததை நாங்கள் 'கிளுகிளு' என்போம். ஈரப் புடவைக்காரி அட்டையில் இருந்தால் போதும், கட்டு திரும்பி வராது.

அடுத்த அட்டைக் கட்டில் ஈரப் புடவைக்காரியின் காலடியில் டீச்சருடைய வீட்டுக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பழகிய பெயர் விற்கும் என்று முதலாளி போட்டுவிட்டார். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "இதுக்கு நான் எழுத மாட்டேன் தம்பி. அவர் பேரை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எடுத்துவிடலாம், கறுப்புப் பட்டை ஒன்று மேலே அடித்தால் போதும், ஒரு நாள் வேலை. நான் அதை முதலாளியிடம் சொல்லவே இல்லை. "அட்டை வந்து குந்திக்கினு கீது. கீச்சுப் போடவா முடியும்? நீயே எயுதிடு" என்று அவர் சொன்னதும் உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. எத்தனை வருடமாக அடுத்தவர் எழுத்தில் கால் போட்டுக்கொண்டும் புள்ளி வைத்துக்கொண்டும் இருந்தவன்! எட்டே நாளில் எழுதினேன். எழுதியது என்ன என்பதை இங்கே சொல்லமாட்டேன், சொல்லும்படியாக ஒரு வரியும் அதில் இல்லை. அது சக்கைப்போடு போட்டது. இரண்டாம் பதிப்பு அடித்தோம். யார் யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கத் தினமும் சாயங்காலம் தாம்பரம் பிளாட்பாரத்தில் போய் நின்றேன். அங்கே நின்று நான் பெருமைப்பட்டேன். வெட்கம் கெட்டவன்.

மூன்றாம் வாரம் டீச்சர் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். குடையை மடக்கக்கூட மறந்து வாசலில் நின்றார். மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி, 'உங்க அப்பா புது புக்' என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். பதினாலு வயதுப் பெண் ஆசையாக வாங்கிப் படித்திருக்கிறாள்.

"மூணு நாளா என்கிட்ட பேசல. சுவத்துல இருக்கிற அவர் போட்டோவைத் திருப்பி மாட்டி வெச்சிருக்கா தம்பி. அப்பா இப்படிப்பட்டவரான்னு ஒரே ஒரு தடவை கேட்டா. நான் என்ன சொல்லுவேன்?"

மன்னிப்பு என்ற வார்த்தையைக்கூட நான் சொல்லவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார்: "நீங்க எழுதினதுன்னு முதலாளி சொன்னாரு. ஒரு தடவை வீட்டுக்கு வாங்க. இதை எழுதினது நான்தான், ஆபீஸ்ல பேரைத் தப்பாப் போட்டுட்டோம்னு அவகிட்ட சொன்னாப் போதும். நான் சொன்னா நம்ப மாட்டா. ஞாயித்துக்கிழமை, கோயில்ல ஆராதனை முடிஞ்சதும் வாங்க." கண்டிப்பாக வருகிறேன் டீச்சர் என்றேன். சட்டென்று அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டிக் கிழக்குத் தாம்பரம் போனேன். சேலையூர்ப் பக்கம் அவர்கள் தெரு முனைவரைக்கும் போனேன். வீட்டு வாசலில் இரட்டைப் பின்னலோடு அந்தப் பெண் நின்றிருந்தாள். கோயிலுக்குக் கட்டிய பாவாடை தாவணியை இன்னும் மாற்றவில்லை. அந்த முகத்தைப் பார்த்து, நீ படித்ததை எழுதியவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் திரும்பி நடந்தேன். வந்த பஸ்ஸில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கி மேட்னி ஷோ பார்த்தேன். இடைவேளையில் சோடாகூட வாங்கிக் குடித்தேன்.

டீச்சர் அதற்குப் பிறகு அச்சாபீசுக்கு வரவில்லை. கிளுகிளுவும் சீக்கிரமே சலித்துவிட்டது. குடும்ப நாவல் வந்தது, மாமியார் மருமகள் கண்ணீர் வந்தது. ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் முதலாளி கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போய்விட்டார். நான் ஒரு நாளிதழில் புரூஃப் பார்க்கச் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றேன். தாம்பரத்தை விட்டு நான் எங்கும் போகவில்லை. அந்தத் தெருவுக்குள் மட்டும் போகவில்லை.

பல வருடம் கழித்து, ரயில்வே கேட் முன்பு இருந்த இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் டீச்சரின் படத்தோடு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பின்னால் நின்றேன். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது மகள் என்னிடம் வந்தார். தலையில் பாதி நரை. கல்லூரியில் வேலை என்றார்.

"சார், நீங்க அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு காலத்துல அச்சாபீஸ்ல வேலை பார்த்தேன்மா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்பா கதையெல்லாம் வந்த அச்சாபீஸா? எல்லாத்தையும் பைண்ட் பண்ணி வெச்சிருக்கேன் சார். முப்பத்தொண்ணு. அதுல சேர்க்காத ஒண்ணே ஒண்ணு மட்டும் அம்மா எழுதினது." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப அசிங்கமான புக். ஸ்கூல் படிக்கும்போது என் கையில கிடைச்சுது. அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் உள்ள வந்து, 'அது அப்பா இல்லம்மா, நான்தான் எழுதினேன்'னாங்க. அப்பா பேர்ல எப்படி சார் மனசு வந்துச்சு? அந்த வருஷமே அடம்பிடிச்சு ஹாஸ்டலுக்குப் போயிட்டேன். கடைசி வரைக்கும் அவங்ககிட்ட எனக்குச் சரியாப் பேச வரல."

அங்கேயே சொல்லியிருக்கலாம். மண் இன்னும் ஈரமாக இருந்தது. "உங்க அம்மா நல்லவங்கம்மா" என்று மட்டும் முனகிவிட்டு வெளியே வந்துவிட்டேன். டீச்சரின் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு அப்பாவும் இல்லாமல் போய்விடுமே என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் சாக்கு. அன்றைக்குப் பல்லாவரம் பஸ்ஸில் ஏறியவன்தான் மறுபடியும் ஏறினான்.

இதில் யார் பெயரையும் நான் எழுதவில்லை. அந்தப் பெயரை இன்னொரு தடவை அச்சில் ஏற்ற எனக்கு யோக்கியதை கிடையாது. பெயர் இல்லாவிட்டாலும் படித்தால் டீச்சரின் மகளான உங்களுக்குத் தெரிந்துவிடும் அம்மா. அந்த அசிங்கத்தை எழுதியவன் நான். உங்கள் அப்பா கதை எதுவும் எழுதவில்லை, எழுத அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. நீங்கள் பைண்ட் செய்து வைத்திருக்கும் முப்பத்தொன்றையும் எழுதியவர் உங்கள் அம்மா. அந்த ஒன்றை மட்டும்தான் அவர் எழுதவில்லை.