கோசிக்குப் போடாத சிந்தூரம்

சுகியா அறுபது வயதுக்குள் ஒன்பது முறை வீடு மாற்றியவள். மாற்றினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கோசி ஆறு அவளைத் துரத்தியது. நேபாளத்து மலைகளில் ஏழு ஆறுகளைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் இந்த மகராசி, எங்கள் சமவெளிக்கு வந்ததும் மணலைக் கொட்டுவாள். கொட்டிய மணலே வழியை அடைத்ததும் பக்கத்து ஊருக்குள் புகுவாள். இருபுறமும் எழுப்பிய மண்கரைகளுக்கு நடுவே அகப்பட்ட எங்களுக்கு அவள் வைத்ததுதான் சட்டம்.

கோசி கல்யாணமாகாதவள். சிந்தூரத்தைக் கண்டால், வகிட்டில் வைத்துக் கல்யாணம் முடித்துவிடுவார்களோ என்று பயந்து எதிர்ப்பக்கம் ஓடிவிடுவாள் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. அந்த ஆவணியில் ஆறு தினமும் பத்து முழம் கரையைத் தின்றது. ஆற்றில் கொட்ட ஒரு டப்பா சிந்தூரத்தோடு, புருஷன் உயிரோடிருக்கும் மூத்தவள் என்று சுகியாவை அனுப்பினார்கள். அவள் புருஷனுக்குத் தம்பி முறையான நான்தான் படகு ஓட்டினேன்.

நடு ஆற்றில் அவள் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் அவளுடைய ஒரே மகள் புல்கி வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிறகு டப்பாவைக் கவிழ்த்தாள். விழுந்தது சிந்தூரமில்லை, செங்கல் பொடி.

"என்ன அண்ணி இது? ஊரே உங்கள நம்பி நிக்குது!"

"ஆறு இங்கேர்ந்து ஓடினா எங்க போவும், கொழுந்தனாரே? எம்பொண்ணு வாசலுக்குத்தான். வெளிய சொன்னீங்க, இந்தத் தண்ணியிலயே குதிச்சிடுவேன்."

"குதிச்சா நான்தானே தூக்கணும். ஒக்காருங்க, சொல்லல."

சிந்தூரத்துக்கு ஆறு பயப்படும் என்று நம்பியவனில்லை நான். ஆனாலும் பன்னிரண்டே நாளில் நாற்பது வீடும் போய், அதில் என் வீடும் போனபோது, அவளைப் பார்த்தாலே வயிறெரிந்தது. மண்கரையின் மேல் பிளாஸ்டிக் கூரைக்கடியில் காய்ச்சலில் கிடந்து அவள் புருஷன் செத்தான். அப்போதும் செங்கல் பொடியைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

காரியத்துக்கு அவல் மூட்டையோடு புல்கி வந்தாள். தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எங்க ஊரு தப்பிச்சிடுச்சும்மா. கரை இடிய ஆரம்பிச்சதும் என்னத்தான் படகுல அனுப்பினாங்க. டப்பா சிந்தூரம் பூராத்தையும் ஆத்துல கொட்டிட்டேன். இந்தப் பக்கம் நீயும் அப்பாவும் இருக்கீங்கன்னு தெரியும்... எம்புள்ளைங்க சின்னதுங்கம்மா."

இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று நான் சுகியாவைப் பார்த்தேன்.

அவள் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "நல்லதுதான்டி செஞ்சே. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்றாள்.